தொண்ணூற்றொன்பதில் நிறுத்து

பத்துமி நகரில் மழை தொடங்கி ஏழாம் நாள்.
மாடிப்படியில் செருப்பு இழுபடும் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது
நான்காம் தளத்து லமாராதான்.
மார்போடு அணைத்த ரொட்டிப் பையிலிருந்து
ரொட்டியை எடுக்கவில்லை,
இரண்டு குறுந்தட்டுகளை எடுத்தாள்.
ஒன்றில் பச்சை மையில் ‘பாட்டு’.
மற்றதில் ‘நான்’.
அவ்வளவுதான் எழுதியிருந்தான்.
மெராப் கப்பலில் வெல்டர்.
கடிதம் என்றால் அவனுக்குக் கை வணங்காது.

“உன் வீட்டுப் பிளேயர்தானே படத்தையும் வாசிக்கும்?”

வாசிக்கும்.
கோபித்துக்கொண்டு வாசிக்கும்.
என் கணவன் துறைமுகச் சந்தையில்
ஆறு கூடை மாண்டரின் பழத்துக்கு மாற்றி வாங்கியது.
நாக்கை நீட்டும், உள்ளிழுக்கும்,
தொண்டையைக் கனைத்துக்கொண்டு சுற்றும், யோசிக்கும்,
‘தட்டு இல்லை’ என்று பொய் சொல்லும்.
தலையில் ஒரு தட்டு தட்டினால்
உண்மையை ஒப்புக்கொள்ளும்.

ஒரே ஒரு குறை.
பாடினால் காட்டாது,
காட்டினால் பாடாது.
லமாராவுக்கு இரண்டும் ஒருசேர வேண்டும்.
அதனால் எதிர்வீட்டு கோச்சாவை,
இரவுக் காவல் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவனை,
எழுப்பி, அவன் பெட்டியில் பாட்டைப் போடவைத்து
இரண்டு வீட்டுக் கதவையும் திறந்துவைத்தோம்.
பாட்டு நடையைத் தாண்டி வந்தது
கொஞ்சம் ஈரமாக,
யார் வீட்டிலோ வதங்கும் வெங்காயத்தோடு.

படம் ஒன்றுக்கு ஐந்து விநாடி.

ஒன்று: கப்பலேணி, முதுகில் பை, மழித்த முகம்.
அடுத்தது பத்து.
அதற்கடுத்தது நூறு.
பெட்டிக்கு எண்ணத் தெரியாது,
ஒன்றில் தொடங்குகிறவர் எல்லாரும்
அதற்கு ஒரே குடும்பம்.
நூறில் மெராபுக்குத் தாடி.
வலது கை, தோளிலிருந்து விரல்வரை, மாவுக்கட்டு.

லமாரா எழுந்துவிட்டாள்.
திரையில் உள்ளங்கையை வைத்தாள்.
ஐந்து விநாடி எவ்வளவு நீளம் என்று
எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.
நூற்றொன்று: கட்டின்மேல் யாரோ வரைந்த மீன்.
நூற்றிரண்டு, ஒரு செவிலியின் முழங்கை மட்டும்.
நூற்றுநாலில் இடது கையால் சூப் குடிக்கிறான்,
பாதி தாடியில்.
பிறகு பதினொன்று.
தாடி இல்லை. கட்டு இல்லை.
இரண்டு கையாலும் தர்பூசணியைப் பிளக்கிறான்.

“ஆறிவிட்டது” என்றாள்.
உட்கார்ந்தாள்.
“பார், எவ்வளவு சீக்கிரம். இளரத்தம் அல்லவா.”

திரையின் மூலையில் எண் இருந்தது,
வெள்ளையாக, எறும்பளவு.
சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
அந்நேரம் பார்த்து கோச்சாவின் பாட்டு கீறலில் சிக்கி
ஒரே சொல்லை நாலு தரம் சொன்னது.
மூடிக்கொண்டேன்.

பெயர் தெரியாத துறைமுகங்கள் போயின.
எஞ்சின் அறைப் பூனை போனது.
மஞ்சள் சட்டைக்காரி ஒருத்தி
முப்பத்தெட்டில் அழுது விடைபெற்று
நாலில் வெட்கத்தோடு அறிமுகமானாள்.
“நல்ல பல்வரிசை” என்றாள் லமாரா,
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியாகத் தொண்ணூற்றொன்பது.
மேல்தளம், சாயங்காலம்.
யாரையோ பார்த்து இரண்டு கையையும்
தலைக்குமேல் தூக்கி ஆட்டுகிறான்.
அவன் நிற்கும் பலகை நனைந்திருக்கிறது.

ஐந்து விநாடி.
பெட்டி மறுபடி தலைக்கு ஓடியது:
ஒன்று, பத்து…
நிறுத்திவிட்டேன்.
வெளியே வந்த தட்டு
அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டிபோலச் சுட்டது.

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும்.
நாலாம் நாள் தட்டை வைத்துக்கொண்டே சொன்னாள்:
“முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவள் நான்.
எதற்கு அப்புறம் நூறு வரும் என்று
எனக்கா தெரியாது?”
ரிமோட்டை என் மடியில் போட்டாள்.
“தொண்ணூற்றொன்பதில் நிறுத்து.”

மழை இன்னும் விடவில்லை.
பெருவிரலைப் பொத்தான்மேல் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.
எதிர்வீட்டில் கோச்சா
யாரும் எழுப்பாமலே
பாட்டைப் போட்டுவிட்டான்.